அக்காவின் எண்ணூறு பக்கம்

என் அக்காவுக்கு நான் இதுவரை மூன்று பிரிண்டர் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் தப்பு. இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது. அதனால் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். பேப்பர், பேனா, கோப்பு, ரப்பர் ஸ்டாம்ப், பிரிண்டர், அதற்கு மை என்று எதுவும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு மேஜைக்கும் போகாது. முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சாவிக்கொத்தோடு நடந்தவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் மூக்கை நுழைப்பேன். வாங்கின சாமான் சரியில்லாமல் போனால், உங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அக்காவிடம் மட்டும் அந்தப் பேச்சு எடுபடாது. பிறர் விட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழிலே.

அக்கா ஒரு பதிப்பகத்துக்குப் புரூஃப் பார்க்கிறாள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன், எழுதியவர் கொடுத்த மூலத்தோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டு, விட்டதையும் மாறியதையும் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பதிப்பகத்தில் அவளுக்கு 'சிவப்புப் பேனா' என்றே பெயர். நான் ஒருமுறை ஆபீஸுக்கு எழுதிய லீவு லெட்டரை வாங்கிப் பார்த்து, ஆறு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். காய்ச்சல் எனக்கு உண்மையாகவே இருந்தது. லெட்டரைப் படித்தால் நம்பும்படி இல்லை என்றாள்.

பதிப்பகத்தின் மாடியில் நான்கு மேஜை போட்ட அறை ஒன்று இருந்தது. அதை மூடிவிட்டு, இனிமேல் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. பிரிண்டருக்குத் தம்பி இருக்கிறானே, கவலை என்ன?

முதலில் கொடுத்தது எங்கள் ஆபீஸ் கழித்துக் கட்டியது. ஊசியால் ரிப்பனைக் குத்திக் குத்தி எழுத்தை உண்டாக்குகிற பழைய ரகம். ரிப்பன் மட்டும் மாற்றினால் போதும், ஆயுசுக்கும் உழைக்கும் என்று அளந்துவிட்டு அக்கா தலையில் கட்டினேன். உழைக்கத்தான் செய்தது. ஆனால் அது ஒரு பக்கம் அடித்தால் தெருமுனைவரை கேட்கும். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, அப்போது ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. அவர் நர்ஸ். விடிந்ததும் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். சரியாக அந்த நேரத்தில் முன்னறையில் இந்தச் சனியன் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பிக்கும்.

மாமா ஒரு வாரம் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். எட்டாம் நாள் எழுந்து வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தூக்கம்தான் போச்சு. சும்மா ஏன் உக்காந்திருக்கணும்? அந்த மூலத்தைக் குடு, நான் சத்தமாப் படிக்கிறேன். நீ புரூஃபைப் பாரு."

அன்றைக்கு ஆரம்பித்தது. இருபத்துநான்கு வருஷம் நடந்தது.

அக்கா அடிக்கடி சொல்வாள், கண் தாவும், காது தாவாது என்று. ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கண் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குத் தாவிவிடும். நடுவில் ஒரு வரியே காணாமல் போயிருந்தாலும் தெரியாது. ஒருவர் வாயால் படிக்க இன்னொருவர் பார்த்தால் அந்த வித்தை நடக்காது. மாமா நல்ல வாசிப்பாளர் இல்லை. ஏற்ற இறக்கம் கிடையாது. காதல் கதையையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரே குரலில் படிப்பார். அக்காவுக்கு வேண்டியதும் அதுதான். டாக்டர்களின் கிறுக்கலை வருஷக்கணக்காகப் படித்து மருந்து கொடுத்தவர் அவர். எழுதியிருப்பதைத்தான் படிப்பார், ஊகம் செய்து ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கமாட்டார்.

அவர்களுக்கென்று ஒரு பாஷையும் உண்டாயிற்று. காற்புள்ளி வந்தால் மாமா பென்சிலின் பின்பக்கத்தால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு. புதுப் பத்தி என்றால் உள்ளங்கையால் ஓர் அறை. மேற்கோள் குறிக்கு "கதவு திற", "கதவு மூடு". கேள்விக்குறி "கொக்கி". ஆச்சரியக்குறி "குச்சி". ஒரு கதைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்து ஆச்சரியக்குறி. "குச்சி குச்சின்னு என் வாயே வலிக்குது, இவன் எழுத்தாளனா விறகு வியாபாரியா?" என்று மாமா அலுத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, மேல் வீட்டில் தினமும் ஆணி அடிக்கிறார்களே, எத்தனை படம்தான் மாட்டுவார்கள் என்று கேட்டார். அவருக்கு என்ன விளக்கினேன் என்று நினைவில்லை. அவர் முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது பிரிண்டர் சத்தமே போடாது. கலரிலும் அடிக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பெருமையைப் பாடினேன். அக்காவுக்குக் கலர் எதற்கு என்று யோசிக்கவே இல்லை. அதன் மைக்கூடு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு புத்தகம் முடிவதற்குள் உயிரை விட்டுவிடும். புதுக்கூடு வாங்கி வாங்கி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமா தீர்ந்துபோன கூடு ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நோயாளியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வியாதி? உள்ள மை இல்ல. அவ்வளவுதானே? ஏத்திடலாம்."

மறுநாள் மைப்புட்டியும் ஊசிக்குழலுமாக உட்கார்ந்தார். கூட்டின் மேலே ஒட்டியிருந்த சீட்டை உரித்தார். பஞ்சு வைத்துத் துடைத்தார். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, ஊசியைச் செருகி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் நிதானமாக மையை ஏற்றினார். மைப்புட்டிகளில் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி எழுதி ஒட்டியிருப்பார். 'கறுப்பு. 8 மி.லி. மெதுவாக. குலுக்கக் கூடாது.' நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். என் சட்டை, மேஜை, அக்காவின் இரண்டு பக்கப் புரூஃப் எல்லாம் கறுப்பாயிற்று. "மச்சான், நீங்க ஸ்டோர்ஸ்லயே இருங்க. வார்டுக்கு வராதீங்க" என்றார்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கும், நகல் எடுக்கும், படத்தை உள்ளே வாங்கும் என்று மூன்று வேலைக்கு ஒன்று. அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே வேலை. அதன் கூட்டுக்கும் மாமாதான் ஊசி போட்டார். கண்ணாடி மூடியை மட்டும் பயன்படுத்தினார்கள். பேப்பர் பறக்காமல் இருக்க அதற்கடியில் செருகிவைப்பார்கள்.

மாமா ரிடயர் ஆன சில வருஷத்தில் அவர் பார்வை மங்கத் தொடங்கியது. கண்ணாடி மாற்றினார், ஆபரேஷனும் செய்துகொண்டார். ஓரளவுக்குமேல் சரியாகவில்லை. அக்கா மூலத்தைக் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தாக மாற்றி, வரிக்கு வரி இடம் விட்டு அடித்து அவர் கையில் கொடுத்தாள். அவளுடைய புரூஃப் முந்நூறு பக்கம் என்றால், அவருடைய மூலம் ஐந்நூறைத் தொடும். இவ்வளவு பேப்பரும் மையும் வீணாகிறதே என்று என் ஸ்டோர்ஸ் புத்தி ஒருநாள் வாயைத் திறந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

போன வருஷம் மாமா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் சாயந்திரம், இரண்டு கூட்டில் மை ஏற்றி, வாயை டேப்பால் ஒட்டி, தேதி எழுதிக் கொடுத்தாராம். "நான் வர்ற வரைக்கும் ஓடும்" என்றாராம். பதினோரு நாள் இருந்தார். வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதிப்பகம் ஒரு கணக்குப் புத்தகத்தை அனுப்பியது. சின்னப் பிள்ளைகளுக்கானது. அக்கா தனியாகவே பார்த்தாள். மிஷினில் மிச்சமிருந்த மையில் புரூஃபை மட்டும் அடித்துக்கொண்டாள். மூலத்தை அடிக்கவில்லை, திரையில் வைத்தே ஒப்பிட்டாள். மாமா ஏற்றிக் கொடுத்த கூடுகளைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. புத்தகம் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கணக்கில் நடுவரி இல்லை. 'கூடையில்' என்று தொடங்கும் மூன்று வரியில் ஒன்று. அந்த வரி இல்லாமல் எந்தப் பிள்ளையாலும் அந்தக் கணக்கைப் போட முடியாது.

பதிப்பக மேலாளர் போன் செய்து, "பரவாயில்லம்மா, அடுத்த தடவை அடிக்கும்போது சரி பண்ணிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அவர் பரிவாகப் பேசியதுதான் அவளைச் சாய்த்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அவளுக்கு யாரும் பரவாயில்லை என்று சொன்னதில்லை. சிவப்புப் பேனாவை மூடி டப்பாவில் போட்டுவிட்டாள்.

"அவர் குரல் இல்லாம எனக்குப் பிழை தெரியலடா. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு" என்றாள் என்னிடம்.

வயசாகிவிட்டது, ஓய்வெடு என்று சொல்லலாம். ஆனால் அறுபத்தாறு வயதில் அவள் ஜன்னலோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவனுக்கு அந்தச் சொல் வராது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவேன். காபி குடிப்போம். முன்பெல்லாம் செய்தித்தாளில் நான்கு பிழையாவது காட்டித் திட்டுவாள். இப்போது மடித்தபடியே கிடக்கும். எனக்குப் பயமாகவே இருந்தது.

எட்டு மாதம் அப்படியே போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை அவளே போன் செய்தாள்.

"மேனேஜர் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கார். பூச்செடி வளர்க்கிறது. சின்னப் புத்தகம்தான். சனிக்கிழமைக்குள்ள பாத்துக் குடுங்க, இது சரியா வந்தா பழையபடி மாசாமாசம் வேலை அனுப்புறேன், இல்லைன்னா உங்களைத் தொந்தரவு பண்ணலைங்கிறார். வந்து அந்தக் கூட்டை மாட்டிக் குடுத்துட்டுப் போ."

வாயெல்லாம் பல்லாக ஓடினேன். கூடுகள் பிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற இடத்தில் இருந்தன. அக்கா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். டேப்பின் மேல் மாமாவின் கோணல் எழுத்தில் தேதி. டேப்பை உரித்து மாட்டினேன். வெள்ளைப் பேப்பர் வெள்ளையாகவே வந்தது. சுத்தம் செய்கிற பொத்தானை அமுக்கினேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தேன். இரண்டாவது கூட்டையும் போட்டேன். அதுவும் அப்படியே. மை அடைத்துக் கல்லாகிவிட்டது.

"காஞ்சு போச்சுக்கா. மை சேத்து வைக்கிற பொருளில்ல. அப்பப்ப அடிச்சுக்கிட்டே இருக்கணும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது."

"யாரும் சொல்லலையே" என்றாள்.

எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் மை வாங்கியவனுக்குத் தெரியாதா? ஞாயிறுதோறும் வந்து காபி குடித்துவிட்டுப் போனேனே, ஒருநாளாவது அந்தக் கூடுகள் எங்கே என்று கேட்டேனா? அக்கா அவற்றை வாங்கி, திரும்ப டேப் ஒட்டி, மேஜை இழுப்பறையில் வைத்தாள். அவள் அழவில்லை. நான்தான் முகம் கழுவப் போவதுபோல் குளியலறைக்குப் போய்விட்டு வந்தேன்.

"கடைக்குப் போலாம் வா. இந்தத் தடவை நான் பாக்கிறேன். நீ கூட வந்தாப் போதும்" என்றாள்.

கடையில் சுவர் முழுக்கப் பிரிண்டர். விற்பனைக்காரப் பெண் நல்ல சுறுசுறுப்பு. நான் கைகட்டிக்கொண்டு வரவேண்டியவன் என்பதை இரண்டே நிமிஷத்தில் மறந்துவிட்டேன். பெட்டிகளின் ஓரத்தில் அச்சடித்திருந்த விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இது ஆகாது, அது தேறாது என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு லேசர் பிரிண்டரின் தலையில் கை வைத்தேன்.

"இதுதான்கா. மையே கிடையாது, தூள். கறுப்பு மட்டும் அடிக்கும், எழுத்து கத்தி மாதிரி இருக்கும். முக்கியமா, காயாது. ஆறு மாசம் தொடாம வெச்சாலும் ஏழாவது மாசம் அடிக்கும்."

இந்த முறை நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கும் சொல்வேன்.

"ஆறு மாசம் தொடாம வைக்கிறதுக்கு எதுக்குடா பிரிண்டர்?" என்றாள் அக்கா.

விற்பனைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொன்றைக் காட்டினாள். முன்பக்கத்தில் கண்ணாடி ஜன்னல்போல் மைத்தொட்டி. புட்டியைக் கவிழ்த்தால் மை தானாக இறங்கி, நிறைந்ததும் தானாக நின்றுவிடும். ஊசி வேண்டாம். "ஆனா அடிக்காம விடக் கூடாதும்மா. வாரம் ஒரு தடவையாவது ஓட்டணும். இல்லைன்னா அடைச்சுக்கும்" என்றாள்.

அக்கா அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் அடிச்சுக் காட்டும்மா" என்றாள். வந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். பேப்பரைக் கட்டைவிரலால் தேய்த்தாள். நாக்கில் விரலைத் தொட்டு ஓர் எழுத்தின் மேல் வைத்து அழுத்தினாள். கரையவில்லை. பிறகு கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். எட்டு மாதம் கழித்து அதைப் பார்க்கிறேன். ஓரத்தில் கோடு போட்டு, மை ஊறிப் பரவுகிறதா என்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தவள் மூன்றாவது வரியில் ஒரு வட்டம் போட்டாள்.

"இதுல 'அச்சுத் தரம்'னு 'த்' வரணும். விட்டிருக்கு. உங்க முதலாளிகிட்டச் சொல்லும்மா."

என் உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் அடுத்த நிமிஷமே நான் கெடுத்தேன்.

"மாசம் எத்தனை பக்கம் அடிப்பீங்கம்மா? அதுக்குத் தகுந்த மாதிரி புட்டி குடுக்கிறேன்" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எண்ணூறு."

எண்ணூறா? அவள் புரூஃப் முந்நூறுதான். மிச்சம் ஐந்நூறு மாமாவின் பக்கம். பெரிய எழுத்து, இடம் விட்ட வரி. இருக்கிறவருக்குக் கணக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் முழங்கையைத் தொட்டு, மெதுவாகத்தான் சொன்னேன்.

"அக்கா. மாமா இல்லையே. எதுக்கு எண்ணூறு?"

மெதுவாகச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். விற்பனைக்காரப் பெண் குனிந்து ஏதோ கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம்?

"எண்ணூறுதாம்மா. புட்டி அதுக்குத் தகுந்த மாதிரியே குடு" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

வீடு வரும்வரை வண்டியில் பெட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். என்னையே நான் திட்டிக்கொண்டு வந்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு பேனாவைத் திறந்தவளை ஒரே கேள்வியில் திரும்ப மூடவைத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. நான் வாய் திறந்த லட்சணத்துக்கு, இறங்கியதும் மேலாளருக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று நடுங்கினேன்.

அவள் போன் போடவில்லை. பழைய பிரிண்டரை எடுத்து அலமாரியின் மேல் வைக்கச் சொன்னாள். புதியதைப் பிரித்தோம். புட்டியைத் திறந்து அவளே கவிழ்த்தாள். மை இறங்கும் சத்தம் குடத்தில் தண்ணீர் விழுவதுபோலக் கேட்டது. கண்ணாடி ஜன்னலில் கறுப்பு மெல்ல ஏறியது. "இவ்வளவு சுலபமா இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா, இதுக்கும் ஒரு ஊசியைப் போட்டுத்தான் பாத்திருப்பார்" என்றாள். அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் புரூஃப் அறுபது பக்கம் வந்தது. பிறகு மூலத்தைத் திறந்தாள். எழுத்து பெரிய அளவிலேயே இருந்தது. அதைச் சிறிதாக்க என் கை தானாக நீண்டது. ஸ்டோர்ஸ் கை.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

நூறு பக்கம் வந்தது. சூடில்லாத, காய்ந்த, பெரிய எழுத்துப் பக்கங்கள். அவற்றைத் தட்டி ஒழுங்காக அடுக்கி, எதிர் நாற்காலியைக் காலால் இழுத்து, என் முன்னால் வைத்தாள்.

"உக்காரு."

"நானா?"

"பின்ன வேற யாரு? நீ ரிடயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. ஊர் வேலையெல்லாம் பாக்கிறே."

"எனக்கு எதுக்குக்கா இவ்வளவு பெரிய எழுத்து? வீணாத்தானே..."

"கடையில ஒவ்வொரு பெட்டியையும் கையை நீட்டி, தலையைப் பின்னால சாய்ச்சு, ஒரு கண்ணை மூடிப் படிச்சியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா? ஞாயித்துக்கிழமை வந்தா பேப்பரை ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்ப் பிடிக்கிறே. ஒரு வருஷமாக் கண்ணாடி போடாம ஜம்பம் அடிச்சுக்கிட்டு இருக்கே. உனக்கு எறும்பு சைஸுல அடிச்சுக் குடுத்தா நீ படிச்சு, நான் பாத்து, சனிக்கிழமைக்குள்ள முடிச்ச மாதிரிதான். எண்ணூறுன்னு கணக்கு தெரியாமலா சொன்னேன்?"

நான் அசடு வழிந்தேன். வேறு என்ன செய்ய? ஐந்நூறு பக்கத்தையும் செத்துப்போனவருக்கு என்று நான் முடிவு கட்டி, அவளுக்காக மனசுக்குள் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். அவளோ கடைக்குள் நுழையும்போதே எனக்கு நாற்காலி போட்டுவிட்டாள்.

பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். மாமாவின் பென்சில். பின்பக்கம் தட்டித் தட்டி மழுங்கியிருந்தது. படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கம் தகராறு. காற்புள்ளிக்கு இரண்டு தட்டிவிட்டேன். பத்தி மாறினதை விட்டேன். 'ரோஜா' என்று இருந்ததை 'ரோஜாச் செடி' என்று படித்தேன். "எழுதினதை மட்டும் படி. நீ ஒண்ணும் சேக்காதே" என்றாள். "குரல்ல நாடகம் வேண்டாம்" என்றாள். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு மேனேஜரிடமும் இவ்வளவு பேச்சு வாங்கியதில்லை. மூன்றாம் பக்கத்துக்குள் தட்டு ஒரு வழிக்கு வந்தது. மத்தியான வெயில் மேஜையின் பாதிக்கு வந்துவிட்டது.

பதினோராம் பக்கம். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவது பற்றி.

"தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்" என்று படித்து இரண்டு தட்டினேன். "தண்ணீர் குறைந்தால் இலை சுருங்கும்." இரண்டு தட்டு. "தண்ணீர் விடும்போது..."

"நில்லு."

நின்றேன்.

"முந்தின வரியை இன்னொரு தடவை படி."

"தண்ணீர் குறைந்தால் இலை சுருங்கும்."

அக்கா புரூஃபின் மேல் விரலை வைத்து ஒருமுறை, இருமுறை போய்வந்தாள். அந்த வரி அங்கே இல்லை. ஒரே சொல்லில் தொடங்கும் மூன்று வரி, நடுவில் ஒன்று காணோம். கணக்குப் புத்தகத்தில் அவளை ஏமாற்றிய அதே திருட்டு. இரண்டு வரிக்கு நடுவே ஒரு சிவப்புக் குறி போட்டு, ஓரத்தில் அந்த வரியை முழுவதுமாக எழுதினாள். எழுதி முடித்தும் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"கேட்டுதுடா" என்றாள். "நீ படிச்சும் எனக்குக் கேட்டுது."

இந்த முறை குளியலறைக்கு ஓட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, மாமாவின் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாக அழுதேன். அக்காவும்தான். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, பேப்பர் நனையுது. படி" என்றாள்.

புத்தகம் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்தது. இப்போது மாதாமாதம் வேலை வருகிறது. வாரத்தில் நாலு நாள் நான் அந்த எதிர் நாற்காலியில் இருக்கிறேன். மைத்தொட்டி காய்வதற்கு நேரமே இல்லை. கீழ்வீட்டுக்காரர் போன வாரம் என்னை மறுபடியும் படிக்கட்டில் நிறுத்தினார். ஆணி அடிக்கிற சத்தம் நடுவில் ஒரு வருஷம் கேட்கவில்லையே, என்னமோ வீடே வெறிச்சென்று இருந்தது என்றார்.

என் மனைவி மட்டும் கண் டாக்டரிடம் போங்கள் என்று தினமும் அரிக்கிறாள். போகலாம். போனால் அவர் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுவார். அப்புறம் அந்தப் பெரிய எழுத்துப் பக்கத்தை அக்கா யாருக்கு என்று அடிப்பாள்? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருக்கிறேன்.